கடற்கொள்ளையர் மாயக்கதை ஒன்றை எழுதி, வரைந்து, புத்தகமாக்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணிக்கு விளக்கெல்லாம் அணைந்துவிட வேண்டும். காசு வைத்துச் சீட்டாடக் கூடாது, பகடை உருட்டக் கூடாது. கப்பலுக்குள் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. சண்டையென்றால் கரையில் போய்த் தீர்த்துக்கொள்ளலாம். வாத்தியக்காரர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு. 1722இல் கடற்சண்டையில் செத்துப்போன பார்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவனின் கப்பலில் இருந்ததாகப் பதிவான சட்டங்கள் இவை. பங்குக் கணக்கும் அதிலேயே உண்டு: தலைவனுக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒன்று. முக்கிய முடிவுகளில் எல்லோருக்கும் ஓட்டு.

சிறுவர்களுக்கான கொள்ளையர் கதையில் சுவை எங்கே இருக்கிறது என்று கேட்டால், புதையல் பெட்டியைவிட இந்தச் சட்டப்பட்டியலைத்தான் முதலில் காட்டுவேன். “அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு?” என்பது ஒவ்வொரு குழந்தையும் தினமும் கேட்கிற கேள்வி. நாட்டுச் சட்டத்தை மீறி ஓடிவந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் அதையும் யாரோ ஒருவர் மீறுகிறார். கதை அங்கேதான் பிறக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவை.

படி 1: யாருக்கு, எத்தனை பக்கம்?

நான்கு முதல் ஏழு வயது என்றால் படக்கதைப் புத்தகம். பெரும்பாலும் 32 பக்கம், கதை சில நூறு சொற்களுக்குள். ஏழு முதல் பத்து வயது என்றால் அத்தியாயங்கள் உள்ள சிறுநாவல். பக்கம் நூறைத் தொடலாம், படங்கள் இடையிடையே வரும். இரண்டும் வேறுவேறு கலைகள். முதலாவதில் படம் பாதிக் கதையைச் சொல்லும். இரண்டாவதில் எழுத்துதான் ஓட்டும், படம் கூட வரும். இந்த வழிகாட்டியில் முதல் வகையை எடுத்துக்கொள்கிறேன், அதுதான் கஷ்டமானது.

ஏன் 32? பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடிக்கும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கட்டுகளாகவே வரும். பதினாறு பக்கக் கட்டு இரண்டு சேர்ந்தால் 32. தலைப்புக்கும் பதிப்பு விவரங்களுக்கும் முதல் மூன்று பக்கத்தைக் கழித்தால், 4–5இல் தொடங்கி 30–31 வரை பதினான்கு இரட்டைப் பக்கங்கள். கடைசியில் 32ஆம் பக்கம் தனியாக நிற்கும். அந்தத் தனிப் பக்கத்தை வீணாக்காதீர்கள், கதையின் கடைசிக் குறும்பு அங்கேதான் உட்கார வேண்டும்.

படி 2: எந்தக் கொள்ளையர் என்று முடிவு செய்யுங்கள்

நாம் படங்களில் பார்த்துப் பழகிய கொள்ளையர் பெரும்பாலும் 1650க்கும் 1730க்கும் இடையில் கரீபியக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் திரிந்தவர்கள். கருந்தாடி என்று பேர்பெற்ற எட்வர்ட் டீச் 1718இல் கொல்லப்பட்டான். ஆண் உடையில் சண்டை போட்ட ஆன் போனியும் மேரி ரீடும் 1720இல் ஜமைக்கா அருகே பிடிபட்டார்கள். ஆனால் அந்தக் கடலோடு நிற்க வேண்டியதில்லை. தென்சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை ஆட்டிவைத்து, 1810இல் நல்ல பேரம் பேசிச் சரணடைந்த செங் யீ சாவ் ஒரு பெண். போர்த்துக்கீசியர் கொள்ளையன் என்று சொல்லி 1600இல் கோவாவில் தலையை வெட்டிய நான்காம் குஞ்ஞாலி மரைக்காயர், இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் கடற்படைத் தளபதி. யார் கண்ணில் யார் கொள்ளையர் என்பதே ஒரு முழுக் கதைக்குக் காணும்.

வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, கொடி. மண்டையோடும் எலும்பும் மட்டுமல்லாமல் மணற்கடிகாரமும் சில கொடிகளில் இருந்தது: உன் நேரம் முடிகிறது, சரணடை என்று அர்த்தம். கொடியைக் காட்டிப் பயமுறுத்தி, ஒரு குண்டுகூடச் சுடாமல் சரக்கை அள்ளுவதுதான் அவர்களுக்கு லாபம். சிறுவர் கதையில் ரத்தம் வேண்டாமே என்று தயங்குபவர்களுக்கு இது பெரிய வசதி. பயமுறுத்தலும் புளுகும் ஏமாற்றும்தான் இவர்களின் ஆயுதம் என்று வைத்தால் அது வரலாற்றுக்கும் துரோகமில்லை.

இரண்டாவது, கப்பலைச் சாய்ப்பது. அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டி, புழு மரத்தைத் துளைத்துவிடும். அதனால் அவ்வப்போது யாரும் வராத கரையில் கப்பலை ஒருக்களித்துப் போட்டுச் சுரண்டுவார்கள். திமிங்கலம்போல் மணலில் படுத்துக்கிடக்கும் கப்பல், அதன் வயிற்றில் ஏறி வேலை செய்யும் ஆட்கள்! ஓவியருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைப்பது அரிது. ஆனாலும் ஏனோ பலரும் இதைத் தொடுவதில்லை.

மூன்றாவது, ஜான் கிங். 1716இல் கொள்ளையர் பிடித்த ஒரு கப்பலில் பயணம் செய்த சின்னப் பையன், பதினொரு வயதுக்கு மேல் இராது. நானும் உங்களோடு வருவேன் என்று அடம்பிடித்து சாம் பெல்லமியின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டான். அடுத்த ஆண்டே அவர்களின் ‘விடா’ கப்பல் புயலில் அமெரிக்காவின் கேப் காட் கரையருகே மூழ்கியது. 1984இல் கண்டுபிடித்த அந்தச் சிதைவிலிருந்து ஒரு சின்னக் காலணியும் பட்டுக் காலுறையும் சிறுவனின் கால் எலும்பும் கிடைத்தன. அவன் முடிவு சோகம்தான், அதைக் கதையில் வைக்கச் சொல்லவில்லை. கொள்ளைக் கப்பலில் ஒரு குழந்தை எப்படி இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் பதில் தயார், அவ்வளவுதான்.

கூடவே ஒரு எச்சரிக்கை. இதே ‘விடா’, பெல்லமி பிடிப்பதற்கு முன்னால் அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல். அந்தக் காலத்தைத் தொடும்போது இது தெரிந்திருக்க வேண்டும். நிஜ ஊர், நிஜ ஆண்டு போட்டால் அந்தப் பொறுப்பும் சேர்ந்தே வரும். சிறு குழந்தைகளுக்கான மாயக்கதை என்றால் கடலையும் தீவுகளையும் நீங்களே படைத்துவிடுவது நல்லது.

பலகை மேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது, எங்கு பார்த்தாலும் புதைத்த புதையல் ஆகியவை பெரும்பாலும் பின்னாளைய கதைகள் வளர்த்தவை. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மரக்காலும் இரும்புக் கொக்கியும் வந்தாலே கெட்டவன் என்று வரையும் பழக்கத்தை விடுங்கள். கை கால் இழந்த ஆளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் விதி அவர்களின் சட்டங்களிலேயே இருந்தது. மரக்கால்காரர் கப்பலின் மிகச் சிறந்த சமையற்காரராகவோ பாடகராகவோ இருக்கட்டுமே.

படி 3: மாயத்துக்கு ஒரே ஒரு விதி

பறக்கும் கப்பல், பேசும் கிளி, மந்திர வாள், கடற்கன்னி, ஆவி என்று எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கொட்டினால் எதுவும் வியப்பாக இராது. ஒரு மாயம் போதும். அதற்கு ஒரு விதி இருக்க வேண்டும், அந்த விதி யாருக்காவது வலிக்க வேண்டும், முக்கியமாக, அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை கூட்டிப்போவோம். கப்பலில் யார் பொய் சொன்னாலும் கப்பல் ஒரு பலகை அளவு நீருக்குள் இறங்கும். சொல்லக் கூசும் ஓர் உண்மையைச் சொன்னால் மேலே எழும்பும். தலைவர் பெயர் அண்டப்புளுகர், துணைத்தலைவர் ஆகாசப்புளுகர். பெயரைக் கேட்டதுமே கப்பலின் கதி புரிந்திருக்கும்.

நாயகி வெண்ணி, வயது ஒன்பது. அவள் பாட்டி காக்கும் கலங்கரை விளக்கத்தின் சுடரை யாரோ திருடிவிட்டார்கள். அதைத் தேடிக் கப்பலில் ஏறுகிறாள். ஏறுவதற்கு அவள் சொல்லும் முதல் வாக்கியமே “எனக்குப் பன்னிரண்டு வயசு”. களக்! ஒரு பலகை போச்சு. நாயகியும் விதிக்குள் மாட்டிக்கொண்டாள். வெறும் பார்வையாளராக நிற்கும் நாயகியைக் குழந்தைகள் நான்காவது பக்கத்திலேயே மறந்துவிடுவார்கள்.

படி 4: கப்பலின் சட்டத்தை எழுதுங்கள்

நிஜமாகவே ஒரு தாளில் எழுதுங்கள், ஐந்து விதி போதும். அதில் ஒன்று கதையைத் திறக்கும் சாவியாக இருக்க வேண்டும். நம் கதைக்கு ராபர்ட்ஸின் எட்டு மணிச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம்: இரவு எட்டுக்கு மேல் கப்பலில் ஒரு விளக்கும் எரியக் கூடாது.

இப்போது கேளுங்கள், இந்தச் சட்டம் யாருக்கு மிகவும் கஷ்டம்? இருட்டைக் கண்டால் நடுங்குகிறவருக்கு. அது யார்? தலைவரே. அண்டப்புளுகர் சுடரைத் திருடியது பேராசையால் இல்லை. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு தூங்கத்தான். ஊரையே மிரட்டுகிற ஆள், “எனக்கு இருட்டு பயம்” என்று மட்டும் சொல்ல மாட்டார். கப்பல் மூழ்குவதும் நிமிர்வதும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. கெட்டவரை அடித்து வீழ்த்தாமல் கதை முடிய வழி கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா? மாய விதியும் கப்பல் சட்டமும் ஒரே ஆளின் மேல் இரண்டு பக்கமிருந்தும் அழுத்தினால் உச்சக்காட்சி தானாக வந்து நிற்கும்.

படி 5: வரைபடம்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் தன் வளர்ப்பு மகனோடு விளையாட்டாக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அந்தப் படத்திலிருந்துதான் ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவல் வளர்ந்தது. நீங்களும் படத்தை முதலில் போடுங்கள். மலை, பாறை, ஆழமற்ற இடம், நீரோட்டம் எல்லாம் குறித்தால் சம்பவங்கள் தாமாகத் தோன்றும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு: பாய்மரக் கப்பல் மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 220 கிலோமீட்டர் போகும். இரண்டு தீவுக்கு நடுவே மூன்று இரவுகள் வேண்டுமா, அப்படியானால் அவை ஒன்றையொன்று பார்க்க முடியாத தொலைவில் இருக்க வேண்டும். வரைபடத்தை அட்டையின் உட்பக்கத்தில் அச்சிடலாம். கதை முடிந்ததும் குழந்தை திரும்ப அங்கே போய் விரலால் வழியைத் தேடும்.

படி 6: கப்பலைக் கட்டிப் பாருங்கள்

ஓவியர் முதலில் வரைய வேண்டியது கப்பலைத்தான், ஆட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, நீள்வாக்கில் வெட்டியதுபோல் ஒன்று என மூன்று படம். தலைவர் அறை எங்கே, சமையல் எங்கே, சரக்கறை எங்கே, வெண்ணி ஒளியும் பீப்பாய் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கமான அணியமும் பின்பக்கமான அமரமும் எந்தப் பக்கத்திலும் இடம் மாறக் கூடாது. ஒற்றைப் பாய்மரமுள்ள சிறிய வேகக் கப்பலை நிஜக் கொள்ளையர்களும் விரும்பினார்கள், ஆழமற்ற நீரிலும் நழுவிவிடும். வரைவதற்கும் கயிறு குறைவு.

காற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாய் முன்பக்கம் புடைத்திருக்கும், உச்சியில் கொடி மட்டும் பின்பக்கம் பறக்கும். பின்னாலிருந்து வீசும் காற்றில் பாய் எந்தப் பக்கம் புடைக்கிறதோ கொடியும் அந்தப் பக்கம்தான் பறக்கும். முடி, புகை, தாடி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

திசையும் முக்கியம். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், ஆகவே கப்பல் வலப்பக்கம் போனால் பயணம் முன்னேறுவதுபோல் தோன்றும். எதிரியோ புயலோ வலப்பக்கமிருந்து வரட்டும். ஊர் திரும்பும்போது மட்டும் கப்பலை இடப்பக்கம் திருப்புங்கள்.

நம் கதைக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நீருக்கு மேலே தெரியும் பலகைகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் பன்னிரண்டு. எந்தப் பக்கத்தில் எத்தனை என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். குழந்தைகள் எண்ணிப் பார்ப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

படி 7: பக்கத் திட்டம்

ஒரே தாளில் பதினான்கு சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் குச்சி மனிதர்களை மட்டும் கிறுக்குங்கள். இந்த நிலையில் அழகாக வரைந்தால் பின்னால் அழிக்க மனசு வராது.

படக்கதையின் எந்திரம், பக்கம் திருப்புவது. கேள்வி வலப்பக்கத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும், பதில் திருப்பினால்தான் தெரிய வேண்டும். நம் கதையில் 4–5இல் இருண்ட கலங்கரை விளக்கம். 6–7இல் துறைமுகத்தில் கப்பல், பன்னிரண்டு பலகை. 8–9இல் வெண்ணியின் பொய். 10–11இல் சட்டம் படிக்கிறார்கள், அதையே சாக்காக வைத்து ஆளுக்கொரு பெருமை பீற்றத் தொடங்குகிறார்கள். “நான் ஒருமுறை சுறாவுக்குப் பல் விளக்கி விட்டேன்” என்று ஒருவர், “அந்தச் சுறாவை நான்தான் பெற்றேன்” என்று ஆகாசப்புளுகர். 12 முதல் 15 வரை இதே கூத்து, பலகைகள் மடமடவென்று குறைகின்றன, எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 16–17இல் வெண்ணி விதியைக் கண்டுபிடிக்கிறாள், அதற்குள் குழந்தை அவளுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கும். அந்த வெற்றியை வாசிப்பவருக்குக் கொடுப்பதற்காகத்தான் இத்தனை பாடு.

18–19 சரக்கறைத் தேடல். 21ஆம் பக்கத்தின் ஓரத்தில் அவள் கை போர்வையைத் தூக்குகிறது. திருப்பினால் சுடர், அதற்குப் பின்னால் அண்டப்புளுகரின் முகம். வெளியே புயல், மிச்சம் ஒரே பலகை. 24–25 சொல்லே இல்லாத இருட்டு, இரண்டு ஜோடிக் கண்கள் மட்டும். 26–27இல் தலைவர் வாய் திறக்கிறார். 28–29இல் அவரைப் பார்த்து ஒவ்வொருவராக உண்மையைக் கொட்ட, கப்பல் சளாரென்று எழும்புகிறது. இங்கே புத்தகத்தைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கும்படி வரையலாம், ஒரே ஒருமுறை செய்தால் நன்றாக இருக்கும். பிறகு பங்குப் பிரச்சினை: சுடர் யாருக்கு? ஓட்டெடுப்பு. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதலாவது குறைவதில்லை என்று வெண்ணி காட்டுகிறாள். 30–31இல் கலங்கரை விளக்கம் எரிகிறது. 32ஆம் பக்கம்: அகல் அளவுள்ள விளக்கோடு தலைவர் குறட்டை விடுகிறார், கப்பல் சட்டத்தில் எட்டு மணி விதி அடித்து நீக்கப்பட்டிருக்கிறது.

படி 8: எழுதுங்கள், பிறகு பாதியை வெட்டுங்கள்

படத்தில் இருப்பதை எழுத்து மறுபடி சொல்லக் கூடாது. “கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியும் கொண்ட அண்டப்புளுகர் கோபமாக வெண்ணியைப் பார்த்தார்” என்ற வரியில் தொப்பி, தாடி, கோபம் மூன்றும் படத்தில் இருக்கின்றன. மிச்சம் வைக்க வேண்டியது: “உன்னைப் பார்த்தால் பன்னிரண்டு மாதிரித் தெரியலையே?” அவ்வளவுதான். இன்னும் நல்லது, எழுத்தும் படமும் முரண்படுவது. எழுத்து “எல்லோரும் அமைதியாகத் தூங்கினார்கள்” என்கிறது, படத்தில் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. எழுதுபவரும் வரைபவரும் வேறுவேறு ஆட்கள் என்றால், இந்த மாதிரி இடங்களுக்கு மட்டும் ஓவியருக்குக் குறிப்பு எழுதுங்கள். தொப்பியின் நிறத்தையெல்லாம் அவரிடமே விட்டுவிடலாம்.

கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத்தமிழில் இருக்கட்டும், பேச்சு பேச்சுவழக்கில் வரட்டும். ஓசைக்கு நமக்கு என்ன குறைச்சல்? பாய் படபடக்கும், பீப்பாய் கடகடக்கும், அலை சளார் சளார் என்று அறையும், பலகை களக் என்று இறங்கும். ஒவ்வொரு பொய்க்கும் அதே ‘களக்’ வந்தால், மூன்றாவது தடவை குழந்தைகளே அதைச் சொல்லிவிடுவார்கள். வசவுக்கும் வெளியே கடன் வாங்க வேண்டாம். “டேய் நண்டுமூக்கா”, “ஓட்டைப் படகே” என்று கடலையும் கப்பலையும் வைத்தே திட்டிக்கொள்ளட்டும்.

படி 9: ஆட்களை வரைவது

ஒவ்வொரு பாத்திரத்தையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலை வைத்தே யாரென்று தெரிய வேண்டும். அண்டப்புளுகர் அகலம், ஆகாசப்புளுகர் ஒட்டகச்சிவிங்கி உயரம், வெண்ணி பெரிய தொப்பிக்குள் காணாமல் போகிறவள். முன், பின், பக்கம், சிரிப்பு, பயம், கோபம் என்று ஒரு மாதிரித் தாள் தயார் செய்தால் பத்தாவது பக்கத்தில் முகம் மாறாது.

நிறத்தில் சிக்கனம் நல்லது. கடல் முழுக்க நீலமும் பச்சையும் இருக்க, சுடரின் மஞ்சளை அது வரும் இடங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். தலைவர் அறைக் கதவிடுக்கில் முன்பே ஒரு மஞ்சள் கோடு தெரியலாம், கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அது பரிசு.

படி 10: டம்மி என்னும் மாதிரிப் புத்தகம்

எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துச் செருகினால் 32 பக்கம். கிறுக்கல் படங்களையும் எழுத்தையும் ஒட்டி, குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள், பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். கண் எங்கே போகிறது, எங்கே முந்திக்கொண்டு திருப்புகிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நெளிந்த பக்கத்தில் சொற்கள் அதிகம் என்று அர்த்தம்.

படி 11: அச்சுக்குப் போகும் முன்

இரட்டைப் பக்கத்தின் நடுமடிப்பு எதையும் விழுங்கும், முகத்தையோ எழுத்தையோ அங்கே வைக்காதீர்கள். படம் தாளின் விளிம்புவரை போனால், வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். கோப்பு அச்சாகும் அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்கட்டும்.

எழுத்தைப் படத்தின் மேல் வரைந்துவிடாமல் தனி அடுக்கில், கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். பிழை திருத்தவும், வேறு மொழியில் போடவும் படத்தைத் தொட வேண்டிவராது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கட்டத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். யூனிகோட் எழுத்துரு பயன்படுத்துங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘கொள்ளை’, ‘பொய்’ போன்ற சொற்களை முதலில் சரிபாருங்கள்.

கடைசியாக நீலம். திரையில் பளபளக்கும் கடல்நீலம் ஒளியால் ஆனது. அச்சில் நான்கு மைகளைக் கலந்து அதே பளபளப்பைக் கொண்டுவர முடியாது, மங்கிவிடும். தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கே எனப்படும் அந்த நான்கு மை முறையில் பார்த்து வரையுங்கள். முழு அச்சுக்கு முன், புத்தகம் அச்சாகப்போகும் அதே தாளில் இரண்டு பக்கமாவது மாதிரி அடித்துத் தரச் சொல்லுங்கள். 24–25இன் இருட்டுப் பக்கம் ஒன்று, சுடர் வரும் பக்கம் இன்னொன்று. இருட்டில் இரண்டு ஜோடிக் கண்களும் பிரிந்து தெரிந்தால் மற்ற பக்கங்களைத் தைரியமாக அச்சுக்கு அனுப்பலாம்.